கடாரப் படையெடுப்பைப் படமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலாம் இராசேந்திர சோழன் 1025இல் கடல் கடந்து கடாரத்தை (இன்றைய மலேசியாவின் கெடா) வென்றதைவிடப் பெரிய திரைக்கதை தமிழருக்கு வேறு கிடையாது என்பது என் எண்ணம். அதனால்தான் அது திட்டமிடும் கட்டத்திலேயே கெட்டுப்போவதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

முதல் தவறு, போர்க்காட்சிகளை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் காரணம் தேடுவது. அவசரத்தில் கடத்தப்பட்ட ஒரு இளவரசியை நுழைத்துவிடுவார்கள். உண்மைக் கதை அதைவிட வலுவானது. நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்டியவர்கள், கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய அரசர்கள். அதற்கு ஆனைமங்கலம் ஊரையே கொடுத்தவன் இராசேந்திரனின் தந்தை இராசராசன். அவ்வளவு நெருக்கமாக இருந்த இரண்டு அரசுகளுக்குள் இருபது ஆண்டுகளில் என்ன ஆனது? கல்வெட்டில் மன்னனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி காரணம் சொல்லவில்லை. சீனத்துக்குப் போகும் கடல்வழியும் அதன் வணிகமும்தான் என்று வரலாற்றாய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நாகப்பட்டினத்து வணிகர் ஒருவரின் கண்வழியே திரைக்கதையைத் தொடங்கிப் பாருங்கள், படம் தானாக நகரும்.

அடுத்தது கடல். மன்னன் வாளை உயர்த்தியதும் கப்பல்கள் கிளம்பிவிடாது. கிழக்கே போக ஒரு பருவக்காற்று, திரும்பி வர இன்னொன்று. இடையில் மாதக்கணக்கில் காத்திருப்பு, குடிநீர், அரிசி, நோய். இதை விட்டுவிட்டால் கடல் வெறும் கிராஃபிக்ஸ் பின்னணியாகிவிடும். சோழர் கப்பல் எதுவும் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக, பீரங்கித் துளைகள் வைத்த ஐரோப்பியக் கப்பலை வரைந்துவிடக் கூடாது. இந்தியப் பெருங்கடலில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கலங்கள் ஓடின. எதிர்த்தரப்புக் கப்பல்களுக்கு ஜாவாவின் போரோபுதூர் சிற்பங்களே நல்ல மாதிரி.

லொக்கேஷன் விஷயத்தில்தான் தவறுகள் குவிகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் இராசராசன் கட்டியதுதானே என்று கேமராவை வைத்தால், ஃப்ரேமில் முதலில் விழுவது பெரிய நந்தியும் அதன் மண்டபமும். இரண்டும் நாயக்கர் காலத்தவை. தஞ்சை அரண்மனையும் அப்படியே, சோழருக்குப் பிந்தியது. வெட்டவெளியில் போர் எடுக்கலாம் என்று போனால் பின்னால் சீமைக்கருவேலம் நிற்கும். அது அமெரிக்கக் கண்டத்து மரம், நம் ஊருக்கு வந்து இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை. வெற்றி ஊர்வலத்தில் துலுக்கச் சாமந்தி மாலை, அரண்மனைச் சுவரில் காகிதப்பூ, அடுப்படியில் காய்ந்த மிளகாய் எல்லாமே கடல் கடந்து பிற்காலத்தில் வந்தவை. கலை இயக்குநரின் கையில் முதல் நாளே இப்படி ஒரு பட்டியல் இருக்க வேண்டும். ஆடை அணிகலனுக்குப் பெரிய கோயிலின் உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களும் அக்கால வெண்கலச் சிலைகளும் போதும்.

கடாரத்தாரை முகமில்லாத வில்லன்களாக்குவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று தொடங்கும் மெய்க்கீர்த்திப் பகுதியை முழுதாகப் படியுங்கள். மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பெயர் அதில் இருக்கிறது. அவன் நகர் வாசலில் நின்ற விச்சாதிரத் தோரணமும் மணிகள் பதித்த கதவும் இருக்கின்றன. துறைநீர் கொண்ட பண்ணை, ஆழ்கடலையே அகழியாகக் கொண்ட மாயிருடிங்கம், தேன் சொரியும் பொழில்கள் நிறைந்த மாநக்கவாரம் என்று ஊர் ஊராக ஒரு வரியில் காட்சியே தீட்டிவிடுகிறது கல்வெட்டு. வென்றவன் வெட்டிய கல்லிலேயே தோற்றவனின் ஊர் இவ்வளவு அழகாக இருக்கும்போது, நாம் ஏன் அதை இருட்டும் புகையுமாகக் காட்ட வேண்டும்?

வசனத்தை மேடை முழக்கமாக்காதீர்கள், படகோட்டியும் பேரரசனும் ஒரே தமிழில் பேச வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கல்வெட்டு அறிஞரை டப்பிங் சமயத்தில் கூப்பிட்டுப் பிழை திருத்தச் சொல்வதில் பயனில்லை. செட்டுக்கான வரைபடம் போடுவதற்கு முன்பே, திரைக்கதையின் முதல் வரைவோடு அவரிடம் போங்கள். அந்தச் சில மாத வேலைக்கான சம்பளத்தைப் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள்.