வீட்டுக்குள் மட்டும் பின்னுக்கு வளைந்த முழங்கால்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் வலது பாதம் தொங்கி, விரல் நுனி தரையில் உரசியது. பிளாஸ்டிக் கணுக்கால் பிரேஸ் போட்டதும் உரசல் நின்றது. ஆனால் அந்தக் காலை ஊன்றும்போது முழங்கால் வெடுக்கென்று பின்னுக்கு வளைந்தது. பட்டையை இறுக்கினோம், தோல் சிவந்ததுதான் மிச்சம். தொடைத் தசைப் பயிற்சியைக் கூட்டியும் பயனில்லை.

வெளியே ஷூவோடு நடக்கையில் அப்படி வளையவில்லை, வீட்டுக்குள் தட்டைச் செருப்பில் மட்டும்தான் என்பது பிறகே கண்ணில் பட்டது. சொன்னதுமே பிசியோதெரபிஸ்ட் பிடித்துவிட்டார். பிரேஸின் கோணம் ஷூவின் குதிகால் உயரத்தைக் கணக்கில் வைத்து அமைத்தது. குதிகால் தாழ்ந்தால் கெண்டைக்கால் பின்னோக்கிச் சாயும். முழங்காலும் கூடவே போகும்.

வீட்டுக்கென்று அதே குதிகால் உயரத்தில் இன்னொரு ஜோடி ஷூ வாங்கினோம். அன்றே நின்றுவிட்டது. பெரிய நிம்மதி. புது ஷூ வாங்கப் போகும்போது பிரேஸையும் பழைய ஷூவையும் கையோடு எடுத்துப் போங்கள்.