தென்னம்பிள்ளையில் மட்டை பழுத்தால் உடனே அரிவாளைத் தேடாதீர்கள்

பொள்ளாச்சிப் பக்கம் புதிதாகத் தோப்பு வைத்தவர்கள் "வந்து பாருங்க" என்று கூப்பிட்டால், என் கண் முதலில் போவது அடிமட்டைக்குத்தான். மூன்று வயதுப் பிள்ளை அன்னாசிப்பழம் மாதிரி சுற்றிச் சீவப்பட்டு நின்றால் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை. தண்ணீர், களை பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை; அது எல்லோருக்கும் தெரியும். மட்டை விஷயத்தில் நடக்கும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பச்சை இருக்கும்போதே அடியோடு வெட்டுவது

"கீழ கழிச்சு விட்டா மேல வெரசா ஏறும்ங்க." இதைக் கிளப்பிவிட்டது யாரோ, கையில் கிடைத்தால் தேவலை. நடப்பது நேர்மாறு. மண்ணில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) பற்றாதபோது, மரம் கீழ்மட்டையில் இருப்பதை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்புகிறது. அதனால்தான் அடி ஓலை நுனியிலும் ஓரத்திலும் கருகுகிறது. பாதி பழுத்ததை வெட்டிவிட்டால் மரம் அடுத்த மட்டையில் கைவைக்கும். அதுவும் பழுக்கும், அதையும் வெட்டுவார்கள்.

மரம் கேட்பது அந்தச் சாம்பல் சத்துள்ள பொட்டாஷ் உரம். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஐந்தாம் ஆண்டிலிருந்து மரத்துக்கு வருடம் 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், இரண்டு தவணையாக. இரண்டாம் ஆண்டில் இதில் கால் பங்கு, மூன்றாம் ஆண்டில் அரை, நான்காம் ஆண்டில் முக்கால்.

சத்து போனால் திரும்பக் கொடுக்கலாம். வெட்டுவாய்தான் ஆபத்து. பச்சைக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், அதிலேயே முட்டை வைக்கும், புழு தண்டைக் குடையும். பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று ஆள் விட்டு, எல்லாப் பிள்ளைகளையும் தண்டை ஒட்டிச் சீவ வைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சித்திரையில் போன்: "நடுக்குருத்து சாயுதுங்க." போய்ப் பார்த்தால் வெட்டுவாயில் பழுப்புச் சாறு வடிந்து காய்ந்திருக்கிறது. ஓட்டையில் மென்று தள்ளிய நார், கிட்டப் போனால் புளித்த வாடை. தண்டில் காதை வைத்தால் உள்ளே நறநறவென்று சத்தம். குருத்து சாய்ந்த பிறகு மருந்து கேட்டு என்ன பயன்? சீவினதற்கு ஒரு கூலி, அந்த மரங்களை வெட்டி எரித்ததற்கு இன்னொரு கூலி.

பச்சை மட்டையை எடுத்தே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டுங்கள். மிச்சம் தானாகக் காயட்டும்.

சரி, எப்போதுதான் எடுப்பது?

முழுக்கக் காய்ந்து, கையால் இழுத்ததும் கழன்று வரும்போது. முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள்.

புழு சுரண்டிய ஓலையையும் காப்பாற்றி வைப்பது

மேலே சொன்னதற்கு இது விலக்கு. கருந்தலைப்புழு சுரண்டிச் சருகாக்கிய மட்டை, இலைக்கருகல் நோய் கடுமையாகப் பிடித்த மட்டை இரண்டையும் வெட்டி எரித்துவிட வேண்டும். அப்போதும் அந்த நாலடி கணக்கு உண்டு.

விசிறி போல நறுக்குப்பட்ட ஓலையை வெட்டுவது

அது காண்டாமிருக வண்டின் வேலை. ஓலையை விடுங்கள், எருக்குழியைக் கிளறி அதில் இருக்கும் புழுவைப் பொறுக்குங்கள்.

நட்ட கன்றின் அடியோலை

கருகத்தான் செய்யும். தொடாதீர்கள்.

விழுந்த மட்டையைக் கொளுத்துவது

நோயில்லாத மட்டை என்றால் துண்டு போட்டுப் பாத்தியில் பரப்புங்கள். கோடையில் தண்ணீர் மிச்சமாகும்.