பின்னம், முழுக்கள், சதவீதம்: மூன்றுக்கும் ஒரே எண்கோடு

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்கில் பிள்ளைகள் தடுமாறும் இடங்களில் மூன்று திரும்பத் திரும்ப வரும்: வெவ்வேறு பகுதி உள்ள பின்னங்களைக் கூட்டுவது, குறை எண்ணைக் கழிப்பது, கூடிய சதவீதத்தைத் திரும்பக் குறைப்பது. என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மூன்றையும் எண்கோட்டில் வரைந்தோம், "எதிலிருந்து?" என்று ஒரே கேள்வியைக் கேட்டோம். சிக்கல் அவிழ்ந்தது. அந்த முறைதான் இது. வாய்ப்பாடும், பின்னத்தில் தொகுதி எது, பகுதி எது என்பதும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். கோடு போட்ட நோட்டு வேண்டவே வேண்டாம்; அதில் சம இடைவெளி விடுவதற்கே பாதி கவனம் போய்விடும். கால்குலேட்டரையும் தள்ளி வையுங்கள். 11/12 என்ற அழகான விடையை அது 0.91666… என்று காட்டும். எத்தனை பங்கில் எத்தனை என்பது அதோடு மறைந்துவிடும். கணக்குப் படங்கள் வரையும் ஜியோஜீப்ரா நல்ல மென்பொருள்தான், ஆனால் கையால் சில கோடுகள் வரைந்து பழகிய பிறகு திறந்தால் போதும்.

படி 1: பின்னம்

2/3 + 1/4 கணக்கை எடுப்போம். 0-க்கும் 1-க்கும் நடுவே எத்தனை கட்டம் விடுவது? மூன்றாகவும் பிரியவேண்டும், நான்காகவும் பிரியவேண்டும். ஆக 12 கட்டம். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்று பாடத்தில் வருவது இதுதான். 2/3 என்றால் 8 கட்டம், 1/4 என்றால் 3 கட்டம். 8-இல் நின்று 3 கட்டம் வலப்பக்கம் போனால் 11. விடை 11/12.

மேலே இருப்பதை மேலே உள்ளதோடும், கீழே இருப்பதைக் கீழே உள்ளதோடும் கூட்டி 3/7 என்று எழுதும் பிள்ளையிடம் உடனே "தப்பு" என்று சொல்லாதீர்கள். 3/7 பாதிக்குக் குறைவு, 2/3 பாதிக்கு மேல். ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்தால் எப்படிக் குறையும்? அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

வகுத்தலுக்கும் அதே கோடு. 2/3 ÷ 1/4 என்றால், 8 கட்டத்துக்குள் 3 கட்டம் எத்தனை முறை அடங்கும்? 8/3 முறை. தலைகீழாக்கிப் பெருக்கினாலும் 2/3 × 4/1 = 8/3. விதியை இதற்குப் பிறகு சொல்லுங்கள், முன்னால் வேண்டாம்.

படி 2: முழுக்கள்

முழுக்கள் என்றால் 0, மிகை எண்கள் (1, 2, 3…), குறை எண்கள் (−1, −2, −3…) எல்லாம் சேர்ந்தவை. கூட்டல் எளிது. மிகை எண் என்றால் வலம், குறை எண் என்றால் இடம், அவ்வளவுதான். நாங்கள் நெடுநேரம் நின்றது கழித்தலில்.

"மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற மனப்பாட வரிதான் இங்கே பெரிய தொல்லை. பெருக்கலுக்கு அது பொருந்தும். கழித்தலில் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பிள்ளைக்குத் தெரியாது. −5 − 2 என்று பார்த்ததும் இரண்டு மைனஸ் இருக்கிறதே என்று 7 எழுதிவிடும்.

அந்த வரியை ஓரமாக வைத்துவிட்டு, கழித்தலை இப்படிப் படிக்கச் சொல்லுங்கள்: இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணுக்குப் போக எத்தனை கட்டம், எந்தப் பக்கம்?

3 − (−2): −2-இல் விரலை வை, 3-க்குப் போ. வலப்பக்கம் 5 கட்டம். விடை 5.

−5 − 2: 2-இல் விரலை வை, −5-க்குப் போ. இடப்பக்கம் 7 கட்டம். விடை −7.

−5 − (−2): −2-இலிருந்து −5-க்கு இடப்பக்கம் 3 கட்டம். விடை −3.

மூன்றையும் அடுத்தடுத்துப் போடவேண்டும். அப்போதுதான் பக்கம் மாறுவது கண்ணில் படும். விரல் வைப்பதும் முக்கியம். வெறுமனே பார்த்தால் பிள்ளை முதல் எண்ணிலிருந்துதான் கிளம்பும்.

பழைய இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-இலேயே குறை எண்களைக் கடன் என்றும் மிகை எண்களைச் சொத்து என்றும் கொண்டு இந்த விதிகளை எழுதிவைத்தார். பூஜ்யத்திலிருந்து கடனைக் கழித்தால் சொத்து என்பது அவற்றில் ஒன்று. 0 − (−4) போட்டுப் பாருங்கள்: −4-இலிருந்து 0-க்கு வலப்பக்கம் 4 கட்டம்.

பெருக்கலுக்கு வரிசை போதும்: −3 × 2 = −6, −3 × 1 = −3, −3 × 0 = 0. ஒவ்வொரு முறையும் 3 கூடுகிறது. அப்படியானால் −3 × (−1) எவ்வளவு? பிள்ளையே 3 என்று சொல்லிவிடும்.

படி 3: சதவீதம்

சதவீதம் என்பது பகுதி 100 ஆன பின்னம். 8-இல் 50% எவ்வளவோ, 50-இல் 8%-உம் அவ்வளவே: 4. மனக்கணக்குக்கு இந்த இடமாற்றம் மிகவும் உதவும்.

ஓர் எண் 20% கூடி 60 ஆகியிருக்கிறது என்றால் பழைய எண் எது? 60-இல் 20%, அதாவது 12-ஐக் கழித்து 48 என்பார்கள். இங்கேயும் "எதிலிருந்து?" என்று கேளுங்கள். கூடியது பழைய எண்ணில் 20%, 60-இல் அல்ல. ஒரே கோட்டுக்கு மேலே சதவீதமும் கீழே எண்ணும் எழுதுங்கள்: 120%-க்கு நேரே 60, ஆக 20%-க்கு நேரே 10, 100%-க்கு நேரே 50. பழைய எண் 50. ஒன்றை 20% கூட்டி, பிறகு 20% குறைத்தால் 96%-இல் போய் நிற்பதும் இதனால்தான்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் இரண்டு இடங்களில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தார்கள்.

ஒன்று, −3² என்பதற்கு விடை −9, (−3)² என்பதற்கு 9. அடைப்புக்குறி இல்லையென்றால் அடுக்கு 3-க்கு மட்டும்தான். மைனஸ் பிறகு வருகிறது.

இன்னொன்று, −2 1/3 எங்கே இருக்கிறது? பிள்ளைகள் −2-இல் நின்று 1/3 வலப்பக்கம் நகர்ந்து, −2-க்கும் −1-க்கும் நடுவே குறிக்கிறார்கள். கலப்பு பின்னத்துக்கு முன்னால் உள்ள மைனஸ் முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் சேர்த்துத்தான்: −(2 + 1/3). இதற்கும் விரலை 0-இல் வைத்துத் தொடங்குங்கள். இடப்பக்கம் 2, இன்னும் இடப்பக்கம் 1/3. −3-க்கும் −2-க்கும் நடுவே, −2-ஐ ஒட்டி வந்து நிற்கும். தகா பின்னமாக −7/3 என்று மாற்றி, ஒவ்வொன்றையும் மூன்று கட்டமாகப் பிரித்த கோட்டில் 7 கட்டம் எண்ணியும் சரிபார்க்கலாம்.