விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கலர் பிரிண்ட் வரவில்லையா? ஹெட் கிளீனிங்கைத் தொடாதீர்கள்

அப்டேட் முடிந்ததும் பிரிண்டர் கறுப்பு வெள்ளையில் மட்டும் அடிக்க ஆரம்பித்தால், பலரும் உடனே ஹெட் கிளீனிங் (இங்க் தெளிக்கும் பகுதியைச் சுத்தம் செய்வது) கொடுக்கிறார்கள். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நல்ல இங்க், பிரிண்டருக்குள் கழிவு இங்க்கை உறிஞ்சும் வேஸ்ட் பேடுக்குப் போகிறது. நேற்றுவரை கலர் சரியாக வந்ததென்றால் கோளாறு பெரும்பாலும் டிரைவரில்தான், அதாவது பிரிண்டரோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருளில்தான்.

உறுதி செய்துகொள்ள, கம்ப்யூட்டர் உதவியில்லாமல் பிரிண்டரிலிருந்தே நாசில் செக் (இங்க் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு) எடுங்கள். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பது மேனுவலில் இருக்கும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கும் உடையாமல் வந்தால் ஹெட்டில் குறையில்லை. கோடுகள் விட்டுப்போயிருந்தால் மட்டும் கிளீனிங்.

இனி டிரைவர். செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பக்கத்தில் உங்கள் பிரிண்டரைத் தேர்ந்து, 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்', 'அட்வான்ஸ்டு' டேப் வரை போங்கள். டிரைவர் என்ற இடத்தில் மாடல் பெயருக்குப் பதில் 'மைக்ரோசாஃப்ட் ஐபிபி கிளாஸ் டிரைவர்' என்று இருக்கிறதா? இது பல கம்பெனி பிரிண்டர்களுக்கும் பொதுவானது. என்னென்ன வசதி உண்டு என்று பிரிண்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும். அந்த நேரத்தில் பிரிண்டர் ஆஃபில் இருந்தாலோ வைஃபை இல்லாவிட்டாலோ அடிப்படை அமைப்போடு நின்றுவிடும். பிறகு இணைப்பு வந்தாலும் சில சமயம் திருந்தாது. 2022-ல் விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு வந்தபோது மைக்ரோசாஃப்ட் இதே காரணத்துக்காகச் சில கணினிகளுக்கு அப்டேட்டை நிறுத்திவைத்தது. கலரோடு சேர்ந்து இருபக்க அச்சு, பேப்பர் அளவுத் தேர்வுகளும் காணாமல் போயிருந்தால் இதுதான் என்று முடிவு செய்யலாம்.

பிரிண்டரை ஆன் செய்து, நெட்வொர்க்கில் இருப்பதைப் பார்த்துவிட்டு, 'ரிமூவ்' கொடுத்து மறுபடி சேருங்கள். பல சமயம் இதுவே போதும்.

போதாவிட்டால், 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'டிரைவர்ஸ்' டேபில் பழையதை டிரைவர் பேக்கேஜோடு நீக்குங்கள். பேக்கேஜை விட்டுவைத்தால் விண்டோஸ் அதையே திரும்பப் போட்டுக்கொள்ளும். 'இன் யூஸ்' என்று மறுத்தால், சர்வீசஸில் பிரிண்ட் ஸ்பூலரை (அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் சேவை) ரீஸ்டார்ட் செய்து உடனே முயலுங்கள். பின்னர் தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்கான முழு டிரைவரை இறக்கி நிறுவுங்கள். யூஎஸ்பி கேபிளை இன்ஸ்டாலர் கேட்கும்வரை செருகாதீர்கள். முன்பே செருகினால் விண்டோஸ் முந்திக்கொண்டு தன் டிரைவரைப் போட்டுவிடும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து வரும் 'விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட்' ஆனில் இருந்தால் கம்பெனி டிரைவர் வேலை செய்யாது. முதலில் அதை அணையுங்கள்.

டிரைவர் சரியாக இருந்தும் கறுப்பாகவே வந்தால், 'ஜெனரல்' டேபின் 'ப்ரிஃபரன்சஸ்', 'அட்வான்ஸ்டு' டேபின் 'பிரிண்டிங் டீஃபால்ட்ஸ்' இரண்டிலும் கிரேஸ்கேல் (கறுப்பு வெள்ளை) தேர்வை எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அப்படியே இருக்கலாம். குரோமின் பிரிண்ட் திரையிலும் 'கலர்' தேர்வில் இருக்க வேண்டும்.

கலர் வந்தும் படம் மங்கினால் பேப்பர் வகையைப் பாருங்கள். புதிதாக நிறுவியதும் அது சாதாரணத் தாளுக்குத் திரும்பியிருக்கும். நிறமே மாறித் தெரிந்தால் ஃபோட்டோஷாப், டிரைவர் இரண்டும் ஒரே நேரத்தில் நிறத்தைத் திருத்துகின்றன. ஏதாவது ஒன்றில் கலர் மேனேஜ்மென்டை அணைத்துவிடுங்கள்.