மலைப்பாதைக்குத் திரும்பும்போது இறக்கத்தைக் கவனியுங்கள்

பல மாதம் விட்டுவிட்டு மலைப்பாதையில் மறுபடி ஓடத் தொடங்கினால், மூச்சு சீக்கிரமே பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்குத்தான் கூடுதல் காலம் வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இறக்கத்தில். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் அடுக்குமாடி புளோக் படி இறங்கவே கைப்பிடி தேவைப்படும்.

முதல் இரண்டு வாரம் சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்க மண்பாதையில் வாரம் மூன்று முறை, 30 நிமிடம் போதும்: 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. மூன்றாவது வாரம் புக்கிட் தீமா குன்று. 163 மீட்டர் உயரம்தானே என்று நினைக்க வேண்டாம், உச்சிக்குப் போகும் தார்ப்பாதை நல்ல செங்குத்து. ஏறுவதும் இறங்குவதும் நடையாகவே இரண்டு சுற்று. பிறகு வாரம் ஒரு சுற்று கூட்டலாம். இறக்கத்தில் ஓடுவதை ஐந்தாம் வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். அப்போதும் சின்னச் சின்ன எட்டு வைத்து, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழும்படி ஓடுங்கள். எட்டி வைத்தால் அடி முழுக்க முட்டிக்குத்தான்.

அலமாரியில் கிடந்த காலணியை முதலில் வளைத்துப் பாருங்கள். நம்மூர் ஈரக் காற்றில் பசை விட்டிருந்தால் அடிப்பகுதி பாதி வழியில் கழன்றுவிடும். மழைக்குப் பிறகு வேர்களின் மேல் மிதிக்காமல் தாண்டிப் போங்கள். காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே விறைப்பாக இருந்தால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம்.