ரத்தம் ஏற்றும் பிள்ளையை ஹெபடைட்டிஸிலிருந்து காக்கும் முறை

தலசீமியா மேஜர் என்பது உடம்பு போதிய ஹீமோகுளோபினை உருவாக்க முடியாத, பிறவியிலேயே வரும் ரத்த நோய். அது உள்ள பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து விடியற்காலைப் பேருந்தில் ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ போய்வரும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது பழகிப்போன பயணம். ஆனால் ஆண்டுக்கு 13 முதல் 17 தடவை வேறு வேறு மனிதர்களின் ரத்தம் அந்தச் சின்ன உடம்புக்குள் போகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள் அதோடு வந்துவிடாமல் பார்ப்பதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு.

கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிவப்பணுக்கள் சிதைவதால் இப்பிள்ளைகளின் கண் எப்போதுமே சற்று மஞ்சளாக இருக்கலாம். ஹெபடைட்டிஸ் சி கிருமியோ பல ஆண்டுகள் எந்த அடையாளமும் காட்டாமல் கல்லீரலில் தங்கியிருக்கும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு கிருமிகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். செவிலியர் பையைத் தொங்கவிடுவதற்கு முன், அதன்மேல் ஒட்டிய சீட்டைப் படித்து, பை எண், ரத்தப் பிரிவு, எடுத்த தேதி, காலாவதித் தேதி, ரத்த வங்கியின் பெயர் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதித்த விவரம் அதில் இருக்க வேண்டும். பின்னாளில் தொற்று தெரிந்தால், ரத்தம் எங்கிருந்து வந்தது என்று தேட அந்தப் பை எண்தான் வழி.

பரிசோதித்த ரத்தத்திலும் கிருமி வருவது எப்படி என்று கேட்கலாம். கொடையாளருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டிருந்தால், கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளோ, கிருமியின் புரதமோ சோதனையில் தெரியும் அளவுக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை வழக்கமான சோதனையில் அது சிக்காது. நாட் (NAT) என்னும் பரிசோதனை கிருமியின் மரபுப்பொருளையே தேடுவதால் வெகு முன்னதாகவே காட்டிவிடும். நாட் செய்த ரத்தம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வையுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்றும், 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியின் பகுதியாகவும் போடப்படுகிறது. நாளாக ஆகப் பாதுகாப்பு குறையலாம். ரத்தத்தில் பி-க்கான எதிர்ப்பொருள் அளவு 10 mIU/mL-க்குக் கீழே இருந்தால் மீண்டும் ஊசி தேவையா என்று கேளுங்கள்.

சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் குணமாக்கும் மாத்திரை இருக்கிறது. என் மகளுக்கு ஒருமுறை "பாசிட்டிவ்" என்று சீட்டு வந்தபோது ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சோதனை எதிர்ப்பொருளை மட்டுமே காட்டும் என்றும், கிருமி இப்போது இருக்கிறதா என்பதை, அதன் மரபுப்பொருளைத் தேடும் ஆர்.என்.ஏ. சோதனைதான் சொல்லும் என்றும் எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. ஆர்.என்.ஏ.வில் கிருமி இல்லை என்று வந்தது. குணமான பிறகும் எதிர்ப்பொருள் அப்படியே இருக்கும் என்பதால், அந்த முடிவை நோட்டில் ஒட்டி வைத்து அடுத்த மருத்துவமனையிலும் காட்டுங்கள். கிருமி இருந்தாலும் கலங்க வேண்டாம். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மாத்திரை உண்டு, பெரும்பாலும் 12 வாரம். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம்.

ஒவ்வொரு பையிலும் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடம்பில் சேர்கிறது. இரும்பும் கிருமியும் சேர்ந்தால் கல்லீரல் விரைவாகத் தழும்பேறும். ஆகவே இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தவறவிடாதீர்கள். வாந்தி, காய்ச்சல், அடர் மஞ்சள் சிறுநீர் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பாட்டிமார் அன்போடு அரைத்துத் தரும் கீழாநெல்லியையும் அவரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் நம் கரையில் ஹெபடைட்டிஸ் ஏ தண்ணீரால் வரும். கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள்.

பி, சி கிருமிகள் ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவுவதில்லை என்பதை உறவினரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பல் துலக்கியும் நகவெட்டியும் மட்டும் தனியாக இருக்கட்டும். குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தும்போது, புது பிளேடும் புது ஊசியும் உறை பிரிக்கப்படுவதை நீங்களே நின்று பார்த்த பிறகு பிள்ளையை உட்கார வையுங்கள்.