சுண்ணாம்புப் பாறையில் நிலப்பிளவைத் தேடும்போது எங்கே சறுக்குகிறோம்?

பாறை உடைந்து, அதன் இருபக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த இடம்தான் நிலப்பிளவு. 2016 அக்டோபர் 30 அன்று இத்தாலியின் மத்திய அப்பெனைன் மலைகளில் 6.5 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. வெட்டோரே மலைச்சரிவில் ஏற்கெனவே இருந்த சுண்ணாம்புப் பாறைச் சுவரின் அடியில் புதிதாக ஒரு வெளிறிய பட்டை தெரிந்தது. சில இடங்களில் நிலம் சுமார் 2 மீட்டர் வரை இறங்கியிருந்தது. அங்கே வேறு சாட்சி தேவையில்லை. எப்போதோ ஓய்ந்துபோன பிளவென்றால், பாறையில் படிந்த கால்சைட் என்ற வெள்ளைச் சுண்ணாம்புக் கனிமத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ‘நிலப்பிளவு’ என்று குறித்துவிடுவதுதான் முதல் தவறு. பாறை விரிசல் விட்டு வாய் திறந்தாலே கால்சைட் வந்து நிரப்பிவிடும். கோட்டின் இருபுறமும் ஒரு கிளிஞ்சலோ மெல்லிய பாறை அடுக்கோ இடம் மாறாமல் நேருக்கு நேர் இருந்தால், அது வெறும் விரிசல். மண்டை ஓட்டுத் தையல் போல வளைந்து நெளியும் கருங்கோடு ஸ்டைலோலைட். அழுத்தத்தில் பாறை கரைந்த தடம்.

அதிகம் பேர் தடுமாறுவது கைத்தடவலில். பிளவு சறுக்கச் சறுக்க, அதன் முகத்தில் கால்சைட் நார் நாராக, சின்னப் படிகளாக வளரும். உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழுவழுவென்று போகும், எதிர்த்திசையில் நகம் இடறும். வழுவழுப்பான திசையில் நகர்ந்தது நாம் தொட்டுக்கொண்டிருக்கும் பாறை அல்ல. அதன்மேல் இருந்து இப்போது காணாமல்போன பாறை! இதை மாற்றிப் படித்தால் இறங்கியது ஏறியதாகிவிடும். கால்சைட் இல்லாத, வெறுமனே உடைந்த படிகளை நான் நம்புவதில்லை. அவை தலைகீழாகவும் காட்டும்.

மழைநீர் அரித்த வரிகளும் ஏமாற்றும். அவை எப்போதும் சரிவோடு நேர்கீழே ஓடும், கால்சைட்டையும் சேர்த்தே அரித்திருக்கும். சறுக்கல் வரிகள் சாய்வாகவும் போகலாம். சில சமயம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு திசைகளில் இருக்கும். அப்போது சராசரி எடுக்காதீர்கள், இரண்டையும் தனித்தனியாக அளந்து, எது எதன்மேல் இருக்கிறது என்று எழுதுங்கள்.

அப்புறம், கண்ணாடி போல மின்னும் முகம். வேகமாகச் சறுக்கிய பிளவுதான் இப்படி மெருகேறும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆய்வகத்தில் கால்சைட்டை மெதுவாகத் தேய்த்தபோதும் பளபளப்பு வந்திருக்கிறது. பளபளப்பை மட்டும் வைத்து நிலநடுக்கம் என்று எழுத முடியாது.

யுரேனியம் சிதைந்து ஈயமாக மாறியதை அளந்து வயது கணக்கிடும் யுரேனியம்–ஈய முறையில் கால்சைட்டுக்கு வயது கிடைத்தால், அது அந்த நார் வளர்ந்த காலம் மட்டுமே. பிளவு அதற்கு முன்பும் நகர்ந்திருக்கலாம், பின்பும் நகர்ந்திருக்கலாம்.